சுகம் என்று எழுதிய கடிதம்

(பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, மன்னார் மாவட்டத்துப் பாப்பாமோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு எப்படித் தயார்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். பெட்டிக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போக இரண்டு மூன்று தாய்மார் கொப்பியும் பேனையுமாக வந்திருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு வாளி, ஒரு நுளம்புவலை, நல்ல பூட்டு இரண்டு. கருவாட்டைப் பொரித்துப் போத்தலில் அடைத்துக் கொடுங்கள். பச்சையாகக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார். அதோடு, பெரும்பாலான விடுதிகளில் அறைக்குள் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பெட்டி விஷயம் இவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், பெட்டி கட்ட இந்த ஊர்க்காரருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2008இல் யுத்தம் இந்த ஏ32 வீதியைப் பிடித்துக்கொண்டு வடக்கே நகர்ந்தபோது கால்மணி நேரத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். பானை, பாய், தறப்பாள், ஒரு மூட்டை நெல். எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்தது அந்தப் பைல். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்கள். எங்கள் வீட்டுப் பைலை இரண்டு சொப்பிங் பைக்குள் போட்டு முடிந்து என் மகளின் கையில் கொடுத்திருந்தோம். அப்போது அவளுக்குப் பத்து வயது. செட்டிகுளம் முகாமுக்குள் போகும் வரைக்கும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. தூங்கும்போதும் தலைக்குக் கீழே. அந்த முகாம்களுக்குள் இருந்துகொண்டே 2009 ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் உண்டு. நம்முடைய சனத்துக்குப் படிப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒன்பது வருடம் கழித்து அதே பைலை எடுத்துக்கொண்டுதான் அவள் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போனாள். ஒரு வித்தியாசம். 2008இல் பைலைச் சுமந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஊரே நடந்தது. இந்த முறை அவள் தனியே போனாள். ஊரோடு சேர்ந்து கிளம்ப நமக்குத் தெரியும். ஒரு பிள்ளையைத் தனியே அனுப்புவதில் நமக்குப் பழக்கம் குறைவு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நானும் இங்கிருந்து போனவன்தான். 1982. சீ.ரி.பி. பஸ்ஸில் சங்குப்பிட்டி வரைக்கும் போய், அங்கே மிதவைப் பாதையில் ஏறிக் கேரதீவுக்குக் கடந்து, பிறகு யாழ்ப்பாணம். இப்போது 2011இல் திறந்த பாலத்தால் கண்மூடி முழிக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறீர்கள். அன்றைக்குப் பாதை மறுகரையில் நின்றால் இந்தக் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அப்போது சின்னப்பிள்ளைதான். 1974இல் பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. முதல் நாள் ஒருவன் ஊரைக் கேட்டான். சொன்னேன். "பாப்பா முட்டையோ?" என்றான். அறையே சிரித்தது. மோட்டை என்றால் மழைத்தண்ணீர் தேங்கும் சின்னக் குளம் என்று விளக்கப் போய் இன்னும் அதிகமாகச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளே, உங்களுக்கும் இது நடக்கும். விளக்கம் சொல்லாதீர்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிடுங்கள்.

இரண்டாம் மாதம் எனக்குச் செங்கமாரி வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். நான் தங்கியிருந்த திருநெல்வேலி வீட்டம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்து மோருக்குள் கலந்து தந்து என்னைக் காப்பாற்றினார். படுத்திருந்தபடியே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். எப்படித் தொடங்கியிருப்பேன்? உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். "இவ்விடம் நான் சுகம். அவ்விடம் உங்கள் அனைவரினதும் சுகமறிய ஆவல்." அப்படித்தான் நமக்குக் கடிதம் எழுதப் பழக்கியிருந்தார்கள். என்ன நடந்தாலும் முதல் வரி சுகம்தான்.

வீட்டிலிருந்தும் பதில் வந்தது. அய்யாவுக்கு எழுத்து வராது. பக்கத்து வீட்டுப் பொடியன் எழுதியது. "இங்கு எல்லோரும் சுகம். காசு அனுப்பியிருக்கிறோம். படிப்பைக் கவனி." வருட முடிவில் லீவுக்கு வந்தேன். படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாட்டுக் கொட்டில். கயிறு இரண்டும் கட்டையில் சுற்றிக் கிடந்தன. தொட்டி காய்ந்து கோழி மேய்ந்துகொண்டிருந்தது. வண்டில் மாட்டுச் சோடியை விற்றிருந்தார்கள். உழவுக்கு ஆளைக் கூலிக்குப் பிடித்திருந்தார்கள். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என் கண்ணைப் பார்த்து, "ஏனடா மெலிஞ்சு போனாய்?" என்றா. "படிப்பம்மா" என்றேன். அவவும் வேறு கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் அன்பினால்தான் மறைத்தோம். அதை இன்றைக்கும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எனக்கு வருத்தமென்று வீட்டுக்குத் தெரிந்திருந்தால் மாடு விற்ற காசில் பாதியாவது வைத்தியத்துக்குப் போயிருக்கும். மாடு விற்றது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வருடம் நான் பார்த்த படங்களில் பாதியாவது பார்க்காமல் விட்டிருப்பேன்.

இப்போது காலக்கணக்குக்கு வருவோம். பிள்ளையைத் தயார்படுத்த நமக்கு நேரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை எடுங்கள். நவம்பர் 25இல் தொடங்கியது. இரண்டு நாளில் மழையும் வெள்ளமும் வந்து நிறுத்தியது. பிறகு டிசம்பர் 31 வரைக்கும் இழுத்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் 26இல் வந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதங்கள் ஓடின. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிள்ளை விரிவுரை மண்டபத்துக்குள் கால் வைப்பதற்குள் ஒரு போகம் விதைத்து அறுத்து அடுத்ததற்கும் வயல் தயாராகிவிடும். இந்தக் காலத்தைப் பிள்ளை தூங்கிக் கழிக்கிறது. நாங்கள், பாவம் படித்துக் களைத்த பிள்ளை என்று போர்த்திவிடுகிறோம்.

தூங்கட்டும். ஒரு மாதம் தூங்கட்டும். பிறகு எழுப்பி, கிராம அலுவலரிடம் தனியே போய்க் கடிதம் எடுத்து வரச் சொல்லுங்கள். மன்னார் வங்கிக்குத் தனியே போய்க் கணக்குத் திறக்கட்டும். வரிசையில் நின்று, படிவத்தைப் பிழையாக நிரப்பி, திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் மறுபடி போகட்டும். அப்பா கூடப் போய்ப் பேசினால் ஒரே நாளில் முடியும்தான். அலுவலகங்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தாய் நின்று, "இவருக்கு ஒரு கடிதம் வேணும்" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இவர் இருபது வயது. ஆறடி. மீசை முளைத்த இந்த இவருக்குச் சோறு வடிக்கவும் தெரியாது, சேட் தோய்க்கவும் தெரியாது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் இங்கிலீஷ் சத்தமாக வாசிக்கட்டும். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், முகாமைத்துவம் எல்லாம் அங்கே இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் முதலாம் ஆளாக நின்ற பிள்ளை அங்கே முதல் விரிவுரையில் பேனையைப் பிடித்தபடி சும்மா இருக்கும். அது மூளை குறைந்ததால் வருவதில்லை என்று போவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். தெற்கே போகும் பிள்ளை என்றால் கடையில் விலை கேட்கவும் பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவும் போதுமான சிங்களம் படிக்கட்டும். "கீயத" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அரைவாசிப் பயம் போய்விடும்.

விண்ணப்பம் நிரப்பும் நாளைப் பற்றி ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வரும். பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, இசட் புள்ளி எதற்குப் போதுமோ அந்த முதலாவதைத் தருவார்கள். ஆகவே அந்த அடுக்குத்தான் பிள்ளையின் நாலு வருடம். நாங்களோ அதை மன்னாரில் ஒரு கொமினிகேஷன் கடையில், போட்டோக் கொப்பி எடுக்கும் இரைச்சலுக்குள், அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறோம்.

என் மகளுக்கு நான் செய்யப் பார்த்ததைச் சொல்கிறேன். அவள் முதலாவதாக எழுதியிருந்தது தெற்கே ஒரு பல்கலைக்கழகம். எனக்குத் தூரம் பிடிக்கவில்லை. பெண்பிள்ளை. வவுனியாவை மேலே தூக்கி வைத்துக் கடைத் தம்பியிடம் கடதாசியை நீட்டினேன். அவன் தட்டச்சு செய்யத் தொடங்கி, நிமிர்ந்து, "சேர், இதுதானோ ஒழுங்கு? தங்கச்சி வேற மாதிரியெல்லோ சொன்னவ" என்றான். மகள் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். பழைய ஒழுங்கையே போடச் சொன்னேன். வவுனியா குறைந்தது என்று நான் சொல்லவில்லை. 2021இல் அது தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு பாடத்தைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

அடுத்தது, நாம் வெளியில் பேசாத ஒன்று. மன்னார், கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் ஒரே துறைக்குக் கொழும்புப் பிள்ளையோ யாழ்ப்பாணப் பிள்ளையோ எடுக்க வேண்டிய புள்ளியைவிடக் குறைந்த புள்ளியில் நம் பிள்ளை உள்ளே போக வழியிருக்கிறது. இதை நாம் இங்கே கொண்டாடுகிறோம். பட்டாசு வெடிக்கிறோம், வீதியில் பனர் கட்டுகிறோம். அங்கே ஒரு நாள் யாரோ, "நீ கோட்டாவில வந்தவள்தானே" என்று சொல்லும்போது பிள்ளைக்கு அந்தப் பட்டாசுச் சத்தமெல்லாம் பொய்யாகத் தெரியும்.

அதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். "ஓம், நீ மாவட்ட ஒதுக்கீட்டில் போகிறாய். பாடத்துக்கு வாத்தியார் இல்லாமல், ஆய்வுகூடம் இல்லாமல், ரியூசனுக்குப் பஸ்ஸுக்குக் காத்து நின்று எடுத்த புள்ளி இது. அங்கே முதல் வருடம் மற்றவர்களைவிடக் கூட உழைக்க வேண்டியிருக்கும்." பட்ட பாட்டையும் இனிப் படவேண்டிய பாட்டையும், இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பிள்ளைக்குத் திமிர் வரும், இரண்டாவதை மட்டும் சொன்னால் கூனிப்போகும். நான் படிப்பித்த காலத்தில் இதைச் சொல்லாமல் அனுப்பிய பிள்ளைகள் பலர். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

காசு. மகாபொல புலமைப்பரிசில் 1981இல் சட்டமானது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபா 7,500 ஆனது. அது கிடைக்காதவர்களுக்கான உதவுதொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. அந்த 7,500ஐ முப்பதால் பிரியுங்கள், ஒரு நாளைக்கு 250 ரூபா. கடையில் ஒரு மீன் சோற்றுப் பார்சலுக்கே அது அப்போது காணவில்லை. அதுவும் பன்னிரண்டு மாதமும் வராது, வருடத்தில் பத்துத் தவணைதான். முதல் தவணை கையில் வர மாதக்கணக்காகும். தங்குமிடமும் செலவுதான். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போனபோது, பிள்ளைகள் எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிச் சாப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் போட்ட திட்டம். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது அநேகமான இடங்களில் முதல் வருடமும் கடைசி வருடமும் விடுதி கிடைத்தால் பெரிய காரியம். நடு வருடங்களில் வெளியே போடிங் தேட வேண்டும், முற்பணம் கட்ட வேண்டும்.

ஆகவே வீட்டுக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். வயலில் என்ன வருகிறது, கடலில் என்ன வருகிறது, நகை எங்கே அடைவில் இருக்கிறது, வெளிநாட்டு மாமா மாதம் எவ்வளவு அனுப்புகிறார், எந்த மாதம் அனுப்பாமல் விடுகிறார். "அதெல்லாம் உனக்கு ஏன், நீ படி" என்று சொல்லி வளர்த்த பிள்ளைதான் அங்கே போய்க் கைபேசியை மாற்றும். அதன் பிழை இல்லை. அதற்கு நாம் மாட்டுக் கொட்டிலைக் காட்டவேயில்லை.

கடைசியாகப் பகிடிவதை. 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன ஒரு தமிழ்ப் பிள்ளை பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனது. அடுத்த வருடம் சட்டம் வந்தது, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடும் காயமோ செய்தால் பத்து வருடம் வரை. சட்டம் இருக்கிறது. இன்றைக்கும் பகிடிவதையும் இருக்கிறது. ஏனென்றால் பிள்ளை சொல்லாமல் சட்டம் எழும்பி வராது. பிள்ளை முதலில் வீட்டில் சொல்ல வேண்டும்.

என் மகள் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் எடுப்பேன்.

"சாப்பிட்டியா பிள்ளை?"

"ஓமப்பா, சாப்பிட்டன்."

"என்ன கறி?"

"பருப்பு, மீன்."

ஆறு கிழமை இந்தப் பருப்பும் மீனும் ஓடியது. ஒரு நாள் அவளுடைய அறைத் தோழியின் தாய் திருகோணமலையிலிருந்து எனக்குப் போன் எடுத்தா. "அண்ணை, பிள்ளையள் இரவில சாப்பிடுறேல்லையாம், உங்களுக்குத் தெரியுமோ?" பொழுது பட்டால் சீனியர் அக்காமார் வழியில் நிற்பார்களாம், கன்டீனுக்குப் போனால் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பேரும் ஆளுக்கு நாலு பிஸ்கட் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். நான் கேட்ட பருப்பும் மீனும் எங்கேயும் இருக்கவில்லை.

முதலில் அக்காமார் மீது கோபம் வந்தது, பிறகு பல்கலைக்கழகத்தின் மீது. அன்றிரவு நித்திரை வராமல் கிடந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. உயர்தரம் முதல் வருடத்தில் இரசாயனவியல் தவணைப் பரீட்சையில் அவள் முப்பதோ என்னவோ எடுத்திருந்தாள். என்னிடம் கொண்டு வந்து காட்டினாள், அவளாகவே. நான் என்ன செய்தேன்? வாத்தியார் பிள்ளை என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினேன். அடுத்த தவணைப் பேப்பரை நான் மெத்தைக்குக் கீழே கண்டெடுத்தேன். அதற்கும் பேசினேன், மறைத்ததற்கு. கெட்ட செய்தி கொண்டு வந்தாலும் பேச்சு, மறைத்தாலும் பேச்சு என்றால் மறைப்பதில் ஆறுதலாவது இருக்கிறது. அந்தக் கணக்கை அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். கணிதம் படிப்பித்தவன் நான்.

பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். திருகோணமலைத் தாயும் கையெழுத்து வைத்தா. சில கிழமையில் அடங்கியது. "எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துப் போ" என்று உங்களில் யாராவது சொல்ல நினைத்தால், தயவுசெய்து அந்த 1997ஐ ஒருமுறை நினையுங்கள்.

அதற்குப் பிறகு நான் மாற்றியது ஒன்றுதான். "சாப்பிட்டியா" என்று கேட்பதை விட்டேன். அந்தக் கேள்விக்கு நம்முடைய மொழியில் ஒரே பதில்தான் இருக்கிறது. பதிலாக இங்கே நடப்பதை நானே முதலில் சொல்லத் தொடங்கினேன். அம்மாவுக்குச் சீனி கூடியிருக்கிறது, அடம்பன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மழை பிந்தியதால் விதைப்பு பிந்துகிறது. மோட்டார்சைக்கிள் பழுது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன். முதல் ஒரு மாதம் மறுபக்கமும் மௌனம்தான். வாத்தியாருக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியைக் கேளுங்கள், பின்வரிசையில் இருக்கிறா.

பிறகு ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அவளே எடுத்தாள். அந்த நேரத்தில் போன் அடித்தால் நம் சனத்துக்கு நெஞ்சு அடிக்கும்.

"அப்பா, காசு முடிஞ்சுது. மகாபொலையும் இன்னும் வரேல்ல."

எதற்குச் செலவழித்தாய் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். இல்லாததை இருக்கென்று சொல்லவும் வாய் வந்தது, நகையை வைக்கலாம் என்று மனம் ஓடியது. அதையும் விழுங்கினேன்.

"என்னட்டயும் இல்லைப் பிள்ளை. நெல்லுக் காசு வெள்ளிக்கிழமைதான் வரும்."

மறுபக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிரித்தாள்.

"சரியப்பா. வெள்ளி மட்டும் இவளிட்ட கைமாத்து வாங்குறன். அம்மாவின்ர சீனி எப்பிடி?"